ஜூன் முதல் தேதி

மான்மவுத் ஜங்ஷன், நியூஜெர்சி
13 ஏப்ரல் 1998

கர்த்தருக்குள் அன்பான பேரன் ஃபிரெடிக்கு, தாத்தா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அப்பா, தங்கை ரெனிஷா எல்லோரும் சுகம். உன் சுகத்தையும், முக்கியமாக உன் வலது தோளின் சுகத்தையும் எழுது.

நேற்று ஈஸ்டர் ஆராதனை முடிந்து வந்ததும் நீ தொலைபேசியில் கூப்பிட்டாய். பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. காதில் இயந்திரத்தை வைத்தால் தொலைபேசி விசிலடிக்கிறது. எடுத்துவிட்டால் நீ தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல் இருக்கிறது. ஆகவே எனக்குக் கடிதம் எழுது. நாகர்கோவிலில் நான்காம் வகுப்பு வரை தமிழில் படித்தவன் நீ. பத்து வருட அமெரிக்கா அதை முழுவதும் அழித்திருக்காது.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். எங்கே தங்கியிருக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்பது இரண்டு. மூன்றாவது, சென்ற வருடம் பள்ளி முடித்த கையோடு ஒரு பெரிய பேஸ்பால் சங்கம் உன்னைத் தேர்ந்தெடுத்தது என்பது வரை எனக்குப் புரிகிறது. ஆனால் இப்போது நீ ஆடும் அணி அந்தச் சங்கம்தானா, வேறா? சபையில் யாராவது கேட்டால் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது. இந்த வயதில் கற்றுக்கொள்ள எனக்கு நேரம் ஆகிறது, பொறுத்துக்கொள்.

உன்னைத் தினமும் ஜெபத்தில் வைத்திருக்கும்
தாத்தா தே. ஜீவரத்தினம்


லிவர்மோர், கலிபோர்னியா
29 ஏப்ரல் 1998

அன்புள்ள தாத்தா,

நான் நல்லா இருக்கேன், தோளும் நல்லா இருக்கு. உங்க காதுக்கு வேற மெஷின் பார்க்கச் சொல்லி அம்மாகிட்ட சொல்லுங்க. என் தமிழ்ல தப்பு இருந்தா சிவப்புப் பேனால திருத்தி திருப்பி அனுப்பாதீங்க. போன வருஷம் அனுப்பினீங்க.

நான் இருக்கறது கலாவதி ஆன்ட்டி வீட்டு மாடி ரூம்ல. அப்பாவோட ஃப்ரெண்ட் ஒருத்தர் அரேஞ்ச் பண்ணினார். அங்கிள் இங்க லேப்ல வேலை பண்றார். ஆன்ட்டி சிவா-விஷ்ணு கோயில்ல வாலண்டியர். கிரவுண்டுக்கு மலையைத் தாண்டி முக்கால் மணி நேரம் டிரைவ் பண்ணணும். டிரைவ் பண்றது என் ரூம்மேட் வெஸ்லி. அவனும் என்னை மாதிரி பந்து வீசற பிட்சர்தான். டெக்சாஸ்ல ஏதோ பருத்தி விளையற ஊர். சாப்பிடறதுக்கு முன்னாடி தொப்பியைக் கழட்டிட்டு ப்ரேயர் பண்ணுவான், உங்களுக்குப் பிடிக்கும்.

ஆன்ட்டி அவனுக்கு ரசம் குடுத்தாங்க. அதை காபி கப்புல வாங்கி டீ மாதிரி குடிக்கறான். "பாருடா ஃபிரெடி, இந்தப் புள்ளை எப்படிக் குடிக்கறான், நீ மட்டும் மூஞ்சியைச் சுளி. பேசாம இவனை நான் வச்சுக்கறேன், நீ கிளம்பு"ங்கறாங்க. அவன் என்ன சொன்னாங்கன்னு கேட்டான். நான் சொல்லலை.

உங்க மூணாவது கேள்வி. பெரிய சங்கத்துக்குக் கீழ ஏணி மாதிரி அஞ்சாறு டீம் இருக்கு. எல்லாத்துக்கும் அந்தச் சங்கம்தான் முதலாளி. கீழ்ப்படியில ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா மேல ஏறணும். நான் இருக்கறது நடுப்படி. இங்க முக்கால்வாசிப் பேருக்கு இருபத்தொண்ணு, இருபத்திரண்டு. எனக்கு இன்னும் பத்தொன்பது ஆகலை, அதனாலதான் என்மேல எல்லாருக்கும் ஒரு கண்ணு. என் பந்தை அவங்க அடிச்சு நொறுக்கினாக்கூட கோச் கோபப்பட மாட்டார். "கிட், யூ ஹேவ் டைம்"னு முதுகுல தட்டிட்டுப் போயிடுவார். மத்தவங்களுக்கு அந்த மாதிரி சொல்ல மாட்டார்.

ரெனிஷாகிட்ட கம்ப்யூட்டர்ல என் ஸ்கோர் பார்க்கச் சொல்லுங்க.

உங்க செல்லப் பேரன்
ஃபிரெடி


மான்மவுத் ஜங்ஷன்
12 மே 1998

அன்பான ஃபிரெடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். எனக்கு இரத்த அழுத்தம் சற்று ஏறியிருக்கிறது, கவலைப்படும்படி இல்லை. நான்கே பிழைகள்தான். எவை என்று சொல்லமாட்டேன்.

ரெனிஷா தினமும் பள்ளி விட்டு வந்ததும் கம்ப்யூட்டரில் உன் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்கிறாள். நான் ஒரு நோட்டில் எழுதுகிறேன். எத்தனை பந்து, எத்தனை பேரை வெளியேற்றினாய், எத்தனை பேர் அடித்தார்கள் என்று கோடு போட்டு எழுதுகிறேன். "தாத்தா, யூ ஆர் சோ ஸ்லோ" என்கிறாள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் நிதானமாக எழுதிப் பழகிவிட்டேன் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

நீ அனுப்பிய அணியின் சிறு புத்தகமும் வந்தது. பதினெட்டாம் பக்கத்தில் உன் படம். கீழே உயரம், எடை, வலது கை, பிறப்பு ஜூன் 1, 1979, நாகர்கோவில், இந்தியா என்று அச்சாகியிருக்கிறது. நல்ல வழுவழுப்பான காகிதம். உன் அம்மா அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். நான் இரண்டு முறை எடுத்து அலமாரியில் வைத்தேன். இரண்டு முறையும் அவள் திரும்ப எடுத்து வைத்துவிட்டாள்.

சபையில் மரகதம் அம்மா, "பேரன் கலிபோர்னியாவுல எந்த கம்பெனி அங்கிள்?" என்று கேட்டார்கள். பந்து வீசுகிறான் என்று சொல்ல வாய் வரவில்லை. புன்னகை செய்தேன். அவர்கள் ஏதோ ஒரு பெரிய கம்பெனி என்று நினைத்துக்கொண்டார்கள். அதைத் திருத்தாமல் வந்தது எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன்னைப் பற்றிய வெட்கம் இல்லை, என்னைப் பற்றியது.

உன் நண்பன் வெஸ்லிக்கு என்ன வயது? சும்மாதான் கேட்கிறேன். கலாவதி அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். ரசத்தைக் குடி.

தாத்தா தே. ஜீவரத்தினம்


லிவர்மோர்
4 ஜூன் 1998

அன்புள்ள தாத்தா,

எல்லாரும் சௌக்கியமா? பிரஷர் மாத்திரையை மறக்காம சாப்பிடுங்க.

திங்கட்கிழமை என் பர்த்டே. கேம் முடிஞ்சதும் வெஸ்லி பின்னாடி வந்து ஷேவிங் க்ரீமை ஒரு தட்டு நிறைய என் மூஞ்சில அப்பிட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. "நைன்டீன்! பேபி!"ன்னு கத்தினான். ஆன்ட்டி பால் பாயசம் பண்ணியிருந்தாங்க.

மறுநாள் அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. பத்து நிமிஷம்தான். வெளில வந்து லாக்கரைத் திறந்து பையை அடுக்க ஆரம்பிச்சான். அவனை டீம்லேர்ந்து எடுத்துட்டாங்க தாத்தா. இனிமே அவன் எந்தப் படியிலயும் இல்ல. கீழ் டீம்லேர்ந்து ஒரு புது பிட்சர் வர்றான், அதனால எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் போகணும். நான் அவன் ஷூவை எடுத்துக் குடுத்தேன். அவனே என் தோள்ல குத்தி, "இட்ஸ் ஓகே மேன், அட் லீஸ்ட் இட்ஸ் யூ"ன்னான்.

நீங்க கேட்டீங்களே, அவனுக்கு மார்ச்ல இருபத்தொண்ணு ஆச்சு.

வீட்டுக்கு வந்து மத்த சாமானை எடுத்தான். ஆன்ட்டி எலுமிச்சை சாதம் கட்டிக் குடுத்துட்டு அழுதுட்டாங்க. "என்னடா அநியாயம், நல்ல புள்ளையை இப்படித் தொரத்தறாங்களே"ன்னாங்க. அவன் "தேங்க்யூ ஆன்ட்டி"ன்னு தமிழ்ப் பசங்க மாதிரியே சொன்னான். டெக்சாஸ் வரைக்கும் தனியா டிரைவ் பண்ணிட்டுப் போயிட்டான். இப்ப நான் அங்கிள் காரைக் கேட்டு வாங்கறேன்.

இன்னிக்கு கேம் இருக்கு, கிளம்பறேன்.

ஃபிரெடி


மான்மவுத் ஜங்ஷன்
26 ஜூன் 1998

அன்பான ஃபிரெடிக்கு,

பதில் எழுதத் தாமதமாயிற்று. உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

உன் நண்பனைப் பற்றிப் படித்து வருந்தினேன். மூன்று முறை படித்தேன். உன்னிடம் சில விவரம் கேட்க வேண்டும். அவன் ஆட்டத்துக்கும் உன் ஆட்டத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்? ரெனிஷாவிடம் அவன் எண்களையும் கேட்டு நோட்டில் எழுதிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது, நான் தவறாகவும் எழுதியிருக்கலாம். எதை வைத்து அவனைத் தள்ளி உன்னை வைத்துக்கொண்டார்கள்? உனக்குச் சொன்னார்களா? சொன்னார்கள் என்றால் அவர்கள் சொன்ன வார்த்தை அப்படியே வேண்டும்.

தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம்.

தாத்தா


லிவர்மோர்
5 ஜூலை 1998

அன்புள்ள தாத்தா,

நலமா? நேத்து ஃபோர்த் ஆஃப் ஜூலை, கிரவுண்டுல வாணவேடிக்கை விட்டாங்க. நான் ஒன்பது இன்னிங்ஸ்ல ஏழு வீசினேன், ஒரு ரன்தான் குடுத்தேன். ரெனிஷா சொல்லியிருப்பா.

ஏன் இவ்வளவு கேள்வி? ஆனா எனக்கும் அதே கேள்வி இருந்தது. கோச்சுகிட்டயே கேட்டேன். அவர் ஒளிவு மறைவு இல்லாம சொல்லிட்டார். எங்க ரெண்டு பேர் பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாங்களாம். வேகம் ஒண்ணுதான், தொண்ணூத்தோரு மைல். ஸ்ட்ரைக் அவுட், அதாவது அடிக்க விடாமலே வெளியேத்தினது, அவன் ரெண்டு ஜாஸ்தி. பந்தை நினைச்ச இடத்துல போடற கண்ட்ரோல் அவனுக்குத்தான் பெட்டர். அப்புறம் மேனேஜர் வயசைப் பார்த்தாராம். "சேம் ஆர்ம், டூ இயர்ஸ் யங்கர். ஈஸி"ன்னாராம். இருபத்தொரு வயசுல தொண்ணூத்தொண்ணுன்னா அவ்வளவுதான், பத்தொன்பதுல தொண்ணூத்தொண்ணுன்னா இன்னும் வரும்னு அர்த்தமாம்.

நீங்க கேட்ட மாதிரி வார்த்தையை அப்படியே எழுதிட்டேன்.

இப்ப நல்லா வீசறேன் தாத்தா. அவனுக்கும் சேர்த்து ஆடணும்னு நினைச்சுக்கிட்டு வீசறேன். ஆகஸ்ட்ல மேல் படிக்கு அனுப்பினாலும் அனுப்புவாங்கன்னு பேச்சு இருக்கு. அம்மாகிட்ட இப்பவே சொல்லிடாதீங்க, ஊரைக் கூட்டிடுவாங்க.

உங்கள் ஃபிரெடி


மான்மவுத் ஜங்ஷன்
20 ஜூலை 1998

அன்பான ஃபிரெடி,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை உட்கார்ந்திரு. ஆட்டம் இருக்கும் நாளாக இருந்தால் மூடி வைத்துவிட்டு மறுநாள் படி.

நீ பிறந்தது ஜூன் முதல் தேதி இல்லை. வருடமும் 1979 இல்லை. 1977 ஆகஸ்ட் பதினோராம் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறு மணிக்குச் சற்று முன்பு, நாகர்கோவிலில் நம் வீட்டில் பிறந்தாய். வருகிற மாதம் உனக்கு இருபத்தொன்று நிறைகிறது. வெஸ்லிக்கும் உனக்கும் ஐந்து மாதம்தான் வித்தியாசம்.

எப்படி நடந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். உன் அப்பா அம்மா மஸ்கட்டில் வேலை செய்தபோது நீ அங்கும் இங்குமாக இருந்தாய். பள்ளியில் சேர்க்கத் தவறிவிட்டது. 1984 ஜூனில் உன்னை நான்தான் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனேன். ஏழு வயதுப் பையனை முதல் வகுப்பில் போட்டால் நன்றாக இராது என்று தலைமையாசிரியர் சொன்னார். "அஞ்சுன்னு எழுதிருவோமே சார், ஆள் சின்னதாத்தானே இருக்கான்" என்றார். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஜூன் முதல் தேதியில் பிறந்தவர்கள்தான். அப்போது எல்லோரும் செய்தது. நானும் யோசித்தேன். நாளைக்கு அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பம் போடும்போது வயது தாண்டாது, ஓய்வு பெறுவதும் இரண்டு வருடம் தள்ளிப் போகும் என்று யோசித்தேன். உனக்கு ஒரு தாலுகா அலுவலகத்தைத் தவிர வேறு எதையும் என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. உனக்கு நல்லது செய்வதாக நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

அத்தோடு நின்றிருந்தால் அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். 1988இல் உங்கள் கிரீன் கார்டுக்குப் பிறப்புச் சான்று கேட்டார்கள். வீட்டில் பிறந்ததால் பதிவு இல்லை. பெரியவர்கள் இருவர் சத்தியப் பிரமாணம் எழுதித் தர வேண்டும் என்றார்கள். பள்ளிச் சான்றோடு பொருந்தாவிட்டால் மனு நின்றுவிடும் என்று உன் அம்மா அழுதாள். நான் எழுதினேன். "மேற்படி தேதியைத் தவிர வேறு பதிவு எதுவும் இல்லை" என்று சத்தியம் செய்தேன். ஆனால் நம் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் உன் உண்மையான தேதி இருக்கிறது. அதை எழுதியவனும் நான்தான். அப்போது நான் சபைச் செயலாளர். முப்பத்து நான்கு வருடம் பிறர் என் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்திட்டதைப் பார்த்தவன், அதன் பொருள் தெரிந்தவன்.

இத்தனை வருடமும் அது யாரையும் தொடாத பொய் என்று நினைத்திருந்தேன். இப்போது அது ஒருவனை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. உன் ஜூன் கடிதம் வந்ததிலிருந்து இதை எழுத ஆரம்பித்து ஐந்து முறை கிழித்தேன். உன் அம்மாவிடம் சொன்னேன். "அப்பா, அவன் இப்பத்தான் கால் ஊணுறான். உங்க மனசு லேசாகணும்னு அவன் தலையில தூக்கி வைப்பீங்களா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. என் மனதை இறக்கிவைக்கத்தான் எழுதுகிறேனா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் அவனுக்கும் சேர்த்து ஆடுகிறேன் என்று நீ எழுதினாய். அதைப் படித்த பிறகு வாய் மூடியிருக்க முடியவில்லை.

என்னை மன்னிக்கும்படி இதில் கேட்கவில்லை.

தே. ஜீவரத்தினம்


மான்மவுத் ஜங்ஷன்
11 ஆகஸ்ட் 1998

அன்பான ஃபிரெடி,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. நீ தொலைபேசியில் அம்மாவிடம் பேசினாய் என்றும், என்னைக் கேட்கவில்லை என்றும் ரெனிஷா சொன்னாள். உன் அம்மா என் முன் காபியை வைத்துவிட்டுப் பேசாமல் போகிறாள். உன் அப்பா மட்டும் வழக்கம்போல வானிலை பற்றி இரண்டு வார்த்தை பேசுகிறார். மருமகன் வீட்டில் இருந்துகொண்டு இப்படி ஒன்றைச் செய்தேனே என்று எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கடைசி மூன்று ஆட்டமும் நோட்டில் எழுதினேன். மூன்றும் தோல்வி. அதற்குக் காரணம் நான் என்று தெரியும்.

நாகர்கோவில் சபைக்கு எழுதி, பதிவேட்டின் நகல் கேட்டிருக்கிறேன்.

இன்று உன் பிறந்தநாள். உரிய நாளில் இதை எழுதுவது பதினான்கு வருடத்தில் முதல் தடவை. கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக.

தாத்தா


லிவர்மோர்
19 ஆகஸ்ட் 1998

தாத்தா,

நான் நல்லா இருக்கேன்னு எழுத முடியலை. உங்க பிரஷர் எப்படி இருக்கு?

உங்களைத் திட்டணும்னுதான் உட்கார்ந்தேன். தமிழ்ல திட்டற வார்த்தை எதுவும் எனக்குத் தெரியலை. யாரும் சொல்லித் தரலை.

சின்ன வயசுல ஆகஸ்ட்ல கேக் வெட்டினது எனக்கு ஞாபகம் இருக்கு. இங்க வந்தப்புறம் அம்மாகிட்ட கேட்டேன். அது ஞானஸ்நான நாள்னு சொன்னாங்க. நம்பிட்டேன்.

இப்ப என்ன பண்றேன் தெரியுமா? பழசெல்லாம் கணக்குப் பார்த்துக்கிட்டிருக்கேன். பன்னெண்டு வயசுப் பசங்க லீக்ல எனக்கு பதினாலு. சாம்பியன்ஷிப் கேம்ல ஒரு பையன் மூணு தடவை ஸ்ட்ரைக் அவுட் ஆகி அழுதான். அவனைப் பார்த்து நான் சிரிச்சேன் தாத்தா. ஹைஸ்கூல்ல சங்கத்துக்கு ஆள் தேடற ஸ்கவுட் வந்து பார்த்தது பதினெட்டு வயசுப் பையன்னு நினைச்சு. அவருக்கு முன்னாடி நின்னவனுக்கு இருபது ஆகப் போகுது. பந்து வீசற மேட்டுல ஏறி நின்னா, எதிர்ல பந்தைப் பிடிக்க உட்கார்ந்திருக்கற கேட்சர் இப்ப எனக்குத் தெரியறதில்ல. பேட் வச்சிருக்கறவன் மூஞ்சியைப் பார்த்து அவனுக்கு என்ன வயசு இருக்கும்னு யோசிக்கறேன். பந்து எங்கயோ போகுது.

நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. சொன்னா என்னையும் அனுப்பிடுவாங்க. அப்பா அம்மா பேப்பருக்கு என்ன ஆகும்னும் தெரியலை. வெஸ்லியைத் திரும்பக் கூப்பிடவும் மாட்டாங்க. அப்ப யாருக்கு லாபம்? நீங்க எனக்குச் சொல்லாம இருந்திருக்கலாம். இல்லன்னா பத்து வருஷம் முன்னாடி சொல்லியிருக்கலாம். நடுவுல வந்து சொல்லிட்டீங்க.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க நோட்டுல எல்லாம் எழுதி வச்சிருக்கீங்க. அதைப் பார்த்துச் சொல்லுங்க. நான் நிஜமாவே நல்லா வீசறவனா? இல்ல ரெண்டு வயசு பெரியவன், அவ்வளவுதானா?

ஃபிரெடி


மான்மவுத் ஜங்ஷன்
26 ஆகஸ்ட் 1998

அன்பான ஃபிரெடி,

நான் சுகம். உன் கடிதத்துக்கு நன்றி. திட்டியே எழுதியிருக்கலாம். வாங்கிக்கொண்டிருப்பேன்.

நீ கேட்ட கேள்விக்காக நோட்டை முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை, ஃபிரெடி. உன்னை மகிழ்விக்க ஒரு பதில் எழுதலாம். அது என் கையால் எழுதிய இன்னொரு பொய்ச் சான்றாகிவிடும். நோட்டில் இருப்பது எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் நான் கொடுத்த இரண்டு வருடம் நிற்கிறது. எதை எதிலிருந்து கழிப்பது என்று எனக்குப் புலப்படவில்லை.

சொல்வதும் சொல்லாததும் உன் முடிவு. உன்னை வற்புறுத்தும் தகுதி எனக்கு இல்லை. சொல்லாவிட்டாலும் உன்னை நான் குறைத்து நினைக்க மாட்டேன், ஏனென்றால் அந்த வழியைக் காட்டியவன் நான். ஆனால் ஒருவேளை சொல்ல நினைத்தால் நீ வெறுங்கையோடு போகக் கூடாது. இத்துடன் இரண்டு காகிதம் வைத்திருக்கிறேன். ஒன்று நாகர்கோவிலிலிருந்து வந்த ஞானஸ்நானப் பதிவின் நகல். மற்றது நான் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பக்க வாக்குமூலம். பிறந்த தேதியை மாற்றியவன் நான், சத்தியம் செய்தவன் நான், பையன் சிறு பிள்ளை, அவனுக்கு இந்த ஜூலை வரை எதுவும் தெரியாது என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். உன் அப்பாவுக்கும் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "வக்கீலைப் பார்க்கறேன் மாமா. அனுப்புங்க" என்றார்.

வாக்குமூலத்தில் தேதி மட்டும் எழுதவில்லை. அந்த இடத்தில் கோடு போட்டு விட்டிருக்கிறேன். உன் விஷயத்தில் தேதி எழுத எனக்கு இனிமேல் கை வராது. கொடுக்கும் நாளில் நீ எழுதிக்கொள். கொடுக்காவிட்டால் கிழித்துவிடு. என்ன செய்தாய் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தாத்தா


லிவர்மோர்
8 செப்டம்பர் 1998

அன்புள்ள தாத்தா,

நான் சுகம். நீங்க சுகமா? அம்மா பேச ஆரம்பிச்சாங்களா? நேத்தோட சீசன் முடிஞ்சது.

உங்க பேப்பர் மூணு நாள் என் பையிலயே இருந்தது. கிழிக்கலாம்னு ரெண்டு தடவை வெளில எடுத்தேன். திங்கட்கிழமை காலைல பார்க்கிங்ல கார்ல உட்கார்ந்து தேதி போட்டேன். ஆகஸ்ட் 31. உள்ள போய் மேனேஜர் மேசை மேல வச்சேன்.

அவர் ரெண்டு தடவை படிச்சார். "ட்வென்டி-ஒன்?"ன்னார். "யெஸ் சார்"னேன். "நீயா வந்து சொல்றே?" "யெஸ் சார்." அப்புறம் மேல இருக்கறவங்களுக்கு போன் பண்ணினார். என்னை வெளில நிக்க வச்சுட்டாங்க.

உடனே அனுப்பலை. ஆனா மேல் படிக்குப் போறவங்க லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துட்டாங்க. அடுத்த வருஷம் இருக்கேனா இல்லையான்னு டிசம்பர்ல லெட்டர் வரும். கேம்ல முதல் ஆளா வீசற வேலையும் போச்சு. தோத்துக்கிட்டிருக்கற கேம்ல கடைசில வீச அனுப்பறாங்க. கோச் இப்பல்லாம் என்னை "கிட்"னு கூப்பிடறதில்ல. பேர் சொல்லித்தான் கூப்பிடறார். அப்பா பார்த்த வக்கீல், ஒண்ணும் நிச்சயமா சொல்ல முடியாதுன்னுட்டாராம். கலாவதி ஆன்ட்டிகிட்டயும் சொன்னேன். "அட, என் சர்டிபிகேட்லயும் வேற தேதிதாண்டா"ன்னாங்க. அப்புறம் வெஸ்லி ஞாபகம் வந்து உள்ள போயிட்டாங்க.

அவனுக்கும் போன் பண்ணினேன். அவன் மாமாவோட பருத்தி மில்லுல வேலை பாக்கறான். எல்லாத்தையும் சொன்னேன். அவன் ஒண்ணுதான் கேட்டான், எனக்கு எப்ப தெரியும்னு. "நீ போனப்புறம்"னேன். "ஓகே"ன்னான். அப்புறம் வச்சுட்டான். திரும்பப் பண்ணினேன், எடுக்கலை. அதை எப்படிச் சரி பண்றதுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாதுன்னு நினைக்கறேன்.

நேத்து கடைசி, ஒன்பதாவது இன்னிங்ஸ். ஆறு ரன் பின்னாடி இருக்கோம், பாதி ஜனம் எழுந்து போயிட்டாங்க. என்னை அனுப்பினாங்க. முதல் ரெண்டு பேர் அடிச்சுட்டாங்க. மூணாவதா வந்தவனை எனக்குத் தெரியும், இருபத்து மூணு வயசு, கல்யாணம் ஆனவன், இந்த வருஷம் இருபது ஹோம் ரன் அடிச்சவன். ரெண்டு ஸ்ட்ரைக் ஆச்சு, இன்னும் ஒண்ணு ஆனா அவன் அவுட். வேகத்தைக் குறைச்சு, கடைசில வளைஞ்சு கீழ இறங்கற கர்வ்பால் வீசினேன். அவன் முழு பலத்தோட சுத்தினான். பந்து அவன் பேட்டுக்குக் கீழ விழுந்து கேட்சர் கைக்குப் போச்சு.

உங்க நோட்டுல அதை எழுதுங்க தாத்தா. அது வயசு இல்ல.

உங்கள் பேரன்
ஃபிரெடி